ராஜகாலுவேயில் இருப்பது எந்தக் கால்?

பெங்களூரில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் போதும், கன்னடத் தொலைக்காட்சிகளில் ஒரு சொல் ஓயாமல் ஒலிக்கும்: ராஜகாலுவே. எந்த லேஅவுட்டில் தண்ணீர் புகுந்தது, எந்த ராஜகாலுவேயை மறித்துக் கட்டிடம் எழுந்தது, புல்டோசர் எங்கே போயிருக்கிறது என்று செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெள்ளந்தூர்ப் பக்கமும் மூழ்கியபோது இந்தச் சொல் விழாத காது இந்த ஊரில் இருந்திருக்காது. அப்போதுதான் வேலை கிடைத்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் கேட்டான்: "ராஜாவோட காலுக்கும் வெள்ளத்துக்கும் என்ன சித்தி சம்பந்தம்?"

காலுவே என்றால் கால்வாய் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். ராஜகாலுவே என்பது பெரிய கால்வாய். ஏரிக்கு ஏரி மழைநீரைக் கொண்டுபோகும் தலைமை வாய்க்கால். ஆனால் அவன் கேட்டது அதையல்ல. அந்தச் சொல்லில் இருக்கிற 'கால்' நாம் ஊன்றி நடக்கிற காலா, இல்லை ஒலி மட்டும் ஒத்துப்போகிற வேறொரு சொல்லா? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அகராதிகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, வாயை ஒருமுறை திறந்து மூடினால் முடிந்துவிடுகிற இந்தச் சின்னச் சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று மலைப்பாகிவிட்டது.

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு இந்தச் சொல்லைப் பொறுத்தவரை ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஒரே சொல் இங்கே தினமும் இரண்டு மொழிகளில் காதில் விழுகிறது. தள்ளுவண்டிக்காரரிடம் "காலு கேஜி பீன்ஸ் கொடி" என்று வாங்குகிறோம். வீட்டுக்குள் வந்து "கால் கிலோ பீன்ஸ் வாங்கினேன்" என்கிறோம். ஆட்டோக்காரர் "காலு கண்டெ ஆகத்தே" என்றால் கால் மணி நேரம் ஆகும். பத்தேகால் இங்கே ஹத்தூகாலு. முக்கால் முக்காலு. முழங்கால் மொணகாலு. கிளினிக்கில் ஒரு பாட்டி "காலு நோவு" என்று முனகினால் அவர் பேசியது தமிழா கன்னடமா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் நோவும் இரண்டு மொழிக்கும் பொது.

இப்படிப் பொதுவாக இருப்பதைப் பார்த்ததும் யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்ற வழக்கு தொடங்கிவிடும். இந்த ஊரில் அந்த வழக்கு சில நேரம் கசப்பாகவும் முடியும். உண்மையில் யாரும் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. மலையாளத்தில் கால், தெலுங்கில் காலு, துளுவில் கார். தமிழ்நாட்டோடு எல்லையே இல்லாத நடு இந்தியாவின் காடுகளில் கோண்டு மக்கள் பேசும் கோண்டியிலும் கால்தான். அவர்களுக்கு நாம் கடன் கொடுத்திருக்க வழியில்லை. இந்த மொழிகளெல்லாம் ஒன்றாக இருந்த காலத்துச் சொல் இது. பர்ரோ, எமனோ என்ற மொழியியலாளர்கள் இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961இல் வந்தது, விரிவான இரண்டாம் பதிப்பு 1984இல். அதைத் திறந்தால் இப்படி உடன்பிறப்புகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். கன்னடக் காலுவின் கடைசியில் ஒட்டியிருக்கிற உகரம் பிற்காலத்தில் சேர்ந்தது. பழங்கன்னடத்தில் அது 'கால்' என்றே இருந்தது. கண், பல், பால் எல்லாம் கண்ணு, ஹல்லு, ஹாலு ஆனபோது இதுவும் காலு ஆனது. நம் பேச்சுத் தமிழும் இதே வேலையைத்தான் செய்கிறது. எழுதும்போது கால், பேசும்போது காலு.

சரி, சொல்லின் பொருளுக்கு வருவோம். உடலுறுப்பு என்ற பொருளிலேயே தமிழ் ஒரு நுட்பமான பிரிவினை செய்து வைத்திருக்கிறது. குறுந்தொகையின் 7ஆம் பாட்டு இப்படித் தொடங்கும்: "வில்லோன் காலன கழலே, தொடியோள் மெல்லடி மேலவும் சிலம்பே." ஊரைவிட்டுப் போகிற ஓர் இளம் இணையை வழியில் பார்த்தவர்கள் பேசிக்கொள்வது. அவன் காலில் வீரக்கழல். அவள் அடியில் இன்னும் சிலம்பு. திருமணத்துக்கு முன் கழற்ற வேண்டிய சிலம்பு கழற்றப்படாமல் கிடப்பதைப் பார்த்தே அவர்கள் யார் என்று ஊகித்துவிடுகிறார்கள். ஒரே மூச்சில் அவனுக்குக் கால், அவளுக்கு அடி. கால் என்பது முழு உறுப்பு, நிற்கிற தூண். அடி என்பது தரையைத் தொடுகிற பகுதி. இந்த வேறுபாடு மறையவே இல்லை. அடி பிறகு நீட்டலளவை ஆனது, பாட்டின் வரி ஆனது, மரத்தின் கீழ்ப்பகுதி ஆனது. கடவுளுக்குக் கால் என்று சொல்வதில்லை, திருவடி என்கிறோம். திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் பத்துக் குறளையும் பாருங்கள்: அடி வரும், தாள் வரும், கால் ஓரிடத்திலும் வராது. கன்னடக் கவிதையிலும் அடிதாவரெ என்றுதான் தெய்வத்தின் அடித்தாமரையைச் சொல்வார்கள்.

கால் நிற்கிற தூண் என்றேன் அல்லவா, அதிலிருந்துதான் ஒரு பெரிய பொருள் கூட்டம் கிளைக்கிறது. கட்டிலுக்குக் கால், பந்தலுக்குக் கால், மண்டபத்துக்கு நூறு கால், ஆயிரம் கால். கல்யாண வீட்டில் முகூர்த்தக்கால் நட்டால்தான் மற்ற வேலை. நாற்காலி என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: நான்கு கால் உடையது, அவ்வளவுதான். கன்னடத்தில் இன்று அது குர்ச்சி. அரபு நாட்டிலிருந்து வந்த சொல். நாமும் பேச்சில் சேர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனாலும் எழுதும்போது நாற்காலியை விடவில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

செடியின் கீழ்ப்பகுதியும் கால்தான். அங்கிருந்து முளைப்பது கான்முளை. பழைய தமிழில் கான்முளை என்றால் மகன், வழித்தோன்றல். கால்வழி என்றால் குலத்தொடர்ச்சி. பிள்ளை பெறுவதைத் தாய்ச்செடியின் காலில் பக்கக்கன்று விடுவதாகப் பார்த்த உழவனின் கண் அதில் இருக்கிறது. வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோமே, அதே கண்.

எழுத்துக்கும் கால் உண்டு. ஆகாரக் குறியைத் துணைக்கால் என்று சொல்லித்தான் நம் பள்ளிகளில் கற்றுக்கொடுக்கிறார்கள். 'கால்' என்ற சொல்லை எழுதவே ஒரு கால் வேண்டும். கன்னடப் பள்ளியில் இதைக் காகுணித என்று பாடமாக ஓதுவார்கள்: தலகட்டு, இளி, குடிசு, கொம்பு என்று குறிகளுக்குப் பெயர். தலகட்டு என்றால் தலைக்கட்டு, எழுத்தின் உச்சியில் போடுகிற வளைவு. நம் எழுத்துக்குக் காலைக் கொடுத்தார்கள், அவர்கள் எழுத்துக்குத் தலைக்கட்டைக் கொடுத்தார்கள், கொம்பு மட்டும் இரண்டுக்கும் பொது. இரண்டு எழுத்தையும் ஒரே நேரத்தில் கற்கிற பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் போதும், குழப்பம் பாதி குறைந்துவிடும்.

நிற்பதோடு கால் போவதற்கும் உரியது. அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இடனறிதல் அதிகாரம் நினைவுக்கு வரும். வேற்றிடத்தில் வந்து வாழ்கிறவர்கள் படிக்க வேண்டிய அதிகாரம் என்பதால் இருக்கலாம். அதன் பத்துக் குறளுக்குள் கால் இரண்டு முறை வருகிறது, இரண்டு வேறு பொருளில். "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்பது 496ஆம் குறள். இங்கே கால் என்றால் சக்கரம். வலிய சக்கரமுள்ள பெரிய தேரும் கடலில் ஓடாது. "காலாழ் களரில் நரியடும்" என்பது அதிகாரத்தின் கடைசிக் குறள், 500. இங்கே அது யானையின் கால். கால் புதைகிற சேற்றில் சிக்கினால் வேல்வீரரைக் கோத்தெடுத்த யானையையும் நரி கொன்றுவிடும். தேர் எதனால் நகர்கிறதோ அது தேரின் கால். யானை எதனால் நிற்கிறதோ அது யானையின் கால். வள்ளுவருக்கு இந்த இரண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

காலாட்படை, கால்நடை, காலணி என்று இந்தப் பொருளில் வருபவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் கால்நடையில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நமக்கு அது ஆடுமாடு. தன் காலாலேயே நடந்து இடம்பெயரக்கூடிய சொத்து. 'கால்நடையாகப் போனான்' என்றால் நடந்து போனான். கன்னடத்தில் இரண்டாவது பொருள் மட்டுமே உண்டு: கால்நடிகெ என்றால் நடைப்பயணம். மாடுகளுக்கு ஜானுவாரு என்று வேறு சொல். கன்னட நண்பர் ஒருவரை ஓசூருக்கு அழைத்துப் போனபோது, கால்நடை மருத்துவமனை என்ற பலகையை நான் வாசித்துக் காட்ட, நடக்க முடியாதவர்களுக்கான ஆஸ்பத்திரி என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

நமக்கும் இதுபோன்ற சறுக்கல் காத்திருக்கிறது. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் முகாம் நடந்தால் சுவரில் காலுபாயி ரோகம் என்று எழுதியிருக்கும். காலு என்றால் கால். பாயி என்றால் வாய். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வருகிற வகரம் கன்னடத்தில் பகரமாக, அதுவும் மென்மையான பகரமாக, மாறும்: வேர் பேரு, வாழை பாளெ, வெண்ணெய் பெண்ணெ, விரல் பெரளு. அப்படித்தான் வாய் பாயி ஆனது. ஆக அந்தப் பலகையை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் வருவது கால்வாய் ரோகம். மாடுகளின் குளம்பிலும் வாயிலும் புண் வைக்கிற கோமாரி நோய் அது. தண்ணீர்க் கால்வாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரே இரண்டு சொற்களை ஒரே வரிசையில் சேர்த்து, ஒரு மொழி நீர்வழிக்கும் மற்றொரு மொழி மாட்டு நோய்க்கும் பெயர் வைத்திருக்கிறது. அண்ணன் தம்பி மொழிகளில்தான் இப்படி நடக்கும். முற்றிலும் தெரியாத மொழி இந்த அளவு ஏமாற்றாது.

இனி கால் கிலோவுக்கு வருகிறேன். என்னை இந்தச் சொல்லில் அதிகம் கட்டிப்போட்டது இதுதான். நான்கில் ஒரு பங்குக்கு ஏன் கால் என்று பெயர்?

மாட்டைப் பாருங்கள். நான்கு காலில் நிற்கிறது. அதில் ஒரு கால் என்பது முழுமையின் நான்கில் ஒன்று. புராணம் சொல்லும் பெரியவர்கள் இன்றைக்கும் இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள்: கிருத யுகத்தில் தர்மம் நான்கு காலில் நின்றது, திரேதாயுகத்தில் மூன்று, துவாபரத்தில் இரண்டு, கலியுகத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறது. கதையைக் கேட்கும் யாரும் இங்கே கால் என்பது உறுப்பா பின்னமா என்று கேட்பதில்லை. இரண்டும் ஒன்றாகவே மனத்தில் பதிகிறது.

இந்தக் கதை சமஸ்கிருதத்தில் இருந்து வந்தது, அங்கேயும் இதே கணக்குதான். பாத என்றால் காலடி. பாத என்றால் நான்கில் ஒன்று. செய்யுளின் கால்பகுதியும் பாதம். பாணினியின் இலக்கண நூலில் எட்டு அத்தியாயம், ஒவ்வொன்றிலும் நான்கு பாதம். இந்தப் பாதம் பிராகிருதம் வழியாகத் தேய்ந்து இந்தியில் பாவ் ஆனது. டெல்லிக் காய்கறிக் கடையில் பாவ் கிலோ என்பதும் பெங்களூரில் காலு கேஜி என்பதும் ஒரே உருவகம்தான், இரண்டு குடும்பங்களின் சொல்லில். (மும்பையில் பாஜியோடு வருகிற பாவ் வேறு. அது போர்த்துக்கீசியர் ரொட்டிக்கு வைத்த பெயர்.) தெலுங்கர்கள் இன்று பாவு, முப்பாவு என்று அந்தப் பக்கம் போய்விட்டார்கள். தமிழும் மலையாளமும் கன்னடமும் பின்னத்தில் காலை விடவில்லை.

ஆனால் கன்னடம் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. சேர் என்ற பழைய அளவில் கால்பங்கு கொள்ளும் பாத்திரத்துக்குப் பாவு என்று பெயர், அதனால் பெங்களூர்த் தமிழ் வீடுகளிலும் அரிசியைப் பாவால் அளக்கிற வழக்கம் உண்டு. என் மாமியார் ஊரில் உழக்கு என்று சொல்லி வளர்ந்தவர்; உழக்கு என்பது படியில் கால். இங்கே வந்து ஐம்பது வருடத்தில் அவர் வாயில் உழக்கு போய்ப் பாவு நின்றுவிட்டது. ஒரே அடுக்களையில் "கால் கிலோ பருப்பு எடு, ஒரு பாவு அரிசி போடு" என்பார். வடக்கே பிறந்த காலும் தெற்கே பிறந்த காலும் ஒரே வாக்கியத்தில் நடந்து போகும்.

தமிழ்ப் பின்னங்களின் அடுக்கு இன்னும் அழகானது. அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக இறங்கி, பதினாறில் ஒன்றுக்கு வரும்போது மாகாணி என்ற பெயர் வருகிறது. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு இருக்கிறது. இன்னும் கீழே முந்திரி, 1/320. நிலத்தையும் நெல்லையும் இந்த நுணுக்கத்தில் பங்கிட வேண்டியிருந்த சமூகம் உருவாக்கிய பெயர்கள் இவை. ஏட்டில் கால் என்பதற்கு 'வ' போன்ற ஒரு குறி போடுவார்கள். அந்தக் குறிகளெல்லாம் 2019இல் யூனிகோடில் இடம்பெற்றுவிட்டன. இன்று நம் வாயில் மிஞ்சியிருப்பவை கால், அரை, முக்கால் மட்டும். 1957இல் தசம நாணயம் வந்த பிறகும் 25 பைசாவை நாலணா என்றும் கால் ரூபாய் என்றும் சொன்னோம். 2011 ஜூன் 30க்குப் பிறகு அந்தக் காசும் செல்லாது. ஆனாலும் எடையிலும் கடிகாரத்திலும் கால் அசையாமல் நிற்கிறது. பத்தே பதினைந்து என்பதைவிடப் பத்தேகால் என்பது வாய்க்கு எளிது, அதனால் அது இன்னும் நெடுநாள் நிற்கும் என்று நம்புகிறேன்.

முக்கால் என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு: மூன்று முறை. ஒருகால், பலகால் என்பதுபோல முக்கால். இந்தக் காலுக்கு முறை, பொழுது என்று பொருள். காலம் என்ற சொல்லோடு இதற்கு உறவா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. காலம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் பெரும்பாலோர் கருத்து. தனித்தமிழ் அறிஞர்கள் அதைத் தமிழ் வேரிலிருந்தே விளக்குவார்கள். வான்சிறப்பு அதிகாரத்தில் "வாரி வளங்குன்றிக் கால்" என்று ஒரு குறள் முடிகிறது. மழை வளம் குறைந்தால் உழவர் ஏரில் உழமாட்டார்கள் என்பது பொருள். அங்கே கால் 'ஆல்' என்பதற்கு நிகரான ஈறாகத் தேய்ந்துவிட்டது. உடம்பின் நினைவே அதில் இல்லை.

இடத்தைக் குறிக்கவும் கால் உண்டு. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது 'கண், கால், புறம், அகம்' என்றுதான் தொடங்குகிறது. ஊர்க்கால் இருந்தான் என்றால் ஊரிடத்தே இருந்தான். அந்தப் பட்டியலில் தலையும் வரும். இடம் என்ற பருப்பொருளற்ற ஒன்றைச் சொல்ல, மனிதன் முதலில் தன் உடம்பையே தொட்டுக் காட்டியிருக்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இப்போதும் படுக்கையில் தலைமாடு, கால்மாடு என்று திசை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை வந்தவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் உடம்பின் காலோடு ஒட்டுகின்றன. இனி வருவது ஒட்டாது.

பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்றே பெயர். காற்று என்ற சொல்லே அந்தக் காலிலிருந்து வந்ததுதான். கன்னடத்தின் காளி, தெலுங்கின் காலி, இரண்டும் அதன் உறவு. (ஒலிப்பில் இரண்டுமே 'கங்கை'யின் முதல் எழுத்துப்போல மென்மையாகத் தொடங்கும்.) காற்று வரும் வழிக்குக் காலதர் என்று பெயர், கால் கூட்டல் அதர், அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது "மான்கட் காலதர்" என்கிறது: மானின் கண் வடிவில் அமைந்த சாளரங்கள். எவ்வளவு நல்ல சொல்! இன்று நாம் ஜன்னல் என்கிறோம், போர்த்துக்கீசியச் சொல்.

கால் என்று ஒரு வினையும் இருந்தது. உமிழ், கக்கு, வெளிப்படுத்து என்று பொருள். எழுத்துத் தமிழில் 'ஒளி கான்றது' என்று அபூர்வமாகப் பார்க்கலாம். பேச்சிலிருந்து அது போய்விட்டது. கன்னடத்தில் போகவில்லை. யாராவது யாரையாவது வெறுப்போடு திட்டினால் செய்தித்தாளில் 'விஷ காரித' என்று போடுவார்கள், நஞ்சு கக்கினான் என்று. அந்தக் காரு நம் பழைய காலின் உடன்பிறப்பு. நாம் தொலைத்ததைப் பக்கத்து வீட்டார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது வாய்க்கால். அக்கா மகனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. திராவிடச் சொற்பிறப்பு அகராதி நடக்கிற காலையும் நீர்க்காலையும் ஒரே பதிவில் வைக்கவில்லை; நீர்க்காலைத் தனியாகப் பிரித்து, அதன் கீழ்த் தமிழின் கால்வாய், கன்னடத்தின் காலுவே, தெலுங்கின் காலுவ என்று அடுக்குகிறது. ஆறு என்ற உடலிலிருந்து பிரிந்து போகிற உறுப்பாக நினைத்து அதற்குக் கால் என்று பெயர் வைத்தார்கள் என்று விளக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அகராதி செய்திருப்பதே சரியாகப் படுகிறது. காற்று வீசுகிறது, வாயிலிருந்து கக்குவது வெளியே வருகிறது, மடையிலிருந்து நீர் பாய்கிறது. வெளிப்பட்டு ஓடுவது என்ற ஒரே எண்ணம் இந்த மூன்றிலும் இருக்கிறது. உடம்பின் காலில் அது இல்லை. அங்கே இருப்பது ஊன்றுவதும் தாங்குவதும். ஆக ராஜகாலுவேயில் இருப்பது ராஜாவின் கால் இல்லை. அது ஓடுகிற கால்.

வாய்க்கால், கால்வாய் இரண்டும் ஒரே உறுப்புகளைத் திருப்பிப் போட்டவை. ஏரியின் மடைவாயிலிருந்து புறப்படுகிற கால், வாய்க்கால். வயலுக்கு வயல் போகிற சின்ன ஓட்டத்துக்கு இன்றும் அதுதான் பெயர். கால்வாய் என்பது பெரியது. பக்கிங்ஹாம் கால்வாயை யாரும் வாய்க்கால் என்பதில்லை. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தின் எல்லையைச் சொல்லும்போது இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இன்ன வதிக்கு (வழிக்கு) கிழக்கு என்றே எழுதுவார்கள். நிலத்துக்கு முகவரி என்பதே நீரோடும் வழிதான். நம் தொம்மலூர் சொக்கநாதர் கோயில் உட்பட இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் நிறைய உண்டு. ஏரியும் ஏரி நீர் பாயும் நிலமும்தான் இந்தப் பகுதியின் வாழ்வாக இருந்தது.

ஏனென்றால் பெங்களூருக்கு ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். மழைநீரைத் தேக்கினால்தான் உண்டு. அதனால் ஏரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டி, மேல் ஏரி நிரம்பினால் வழிவது கீழ் ஏரிக்குப் போகும்படி காலுவேகளால் கோத்தார்கள். ஹெப்பாள், கோரமங்கலா செல்லகட்டா, விருஷபாவதி என்று மூன்று பெரிய பள்ளத்தாக்குகள் வழியாக அந்த நீர் இறங்கும். காலுவேயை அடைத்துவிட்டு ஏரியை மட்டும் காப்பாற்றினால் பயனில்லை. ஏரிக்கு நீர் வராது, மழைக்குப் போக்கிடம் இருக்காது. வரைபடத்தில் மெல்லிய நீலக் கோடாகத் தெரிகிற ஒன்றை வெறும் சாக்கடை என்று நினைத்ததால் வந்த வினைதான் 2022 வெள்ளம். பெயரைப் புரிந்துகொண்டிருந்தால், ஓடுவதற்காகவே பிறந்த ஒன்றை இவ்வளவு எளிதாக மறித்திருக்க மாட்டோமோ என்று எனக்குத் தோன்றும்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் கேட்ட அடுத்த கேள்வி, பெள்ளந்தூர்த் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்பது. பெள்ளந்தூர் ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரி. அங்கிருந்து தட்சிண பினாகினி. அந்த ஆறு தெற்கே இறங்கித் தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது தென்பெண்ணை என்று பெயர் மாறுகிறது, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நிற்கிறது. பெங்களூர் கழித்த நுரையும் கூடவே போய் அங்கே மிதப்பதைப் படங்களில் பார்த்திருக்கலாம். மதகைத் திறந்தால் இடதும் வலதுமாக இரண்டு கால்வாய்கள் வழியே அந்த நீர் வயலுக்குப் போகிறது. பெள்ளந்தூரில் காலுவே, அங்கே கால்வாய், வரப்போரத்தில் வாய்க்கால்.